தணிகாசலத்தின் கைராசி

சங்கீதா சொன்னது ஒரே ஒரு சொல். "இருக்கலாம்." அதையும் வாய்க்குள்தான் சொன்னாள். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் வாய்க்குள் சொன்னாலே போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று பெயர். பில் போட வந்தவள், வயர் கழன்றால் மாட்டப் பழகினாள், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுக்கப் பழகினாள், கடைசியில் சங்கத்தின் நெட்வொர்க் மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. பிள்ளையார்பாளையத்தில் அலுவலகம், கடைத்தெருவில் விற்பனை நிலையம், ஐயம்பேட்டையில் கிடங்கு. இந்த மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசினால்தான் கடையில் சேலைக்கு பில் வரும், தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கிடைக்கும். முன்பெல்லாம் அது நின்றுபோனால் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட வேண்டும். "நாளைக்கு ஆள் வரும்" என்பார்கள். அவர்களுடைய நாளைக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் தேதி கிடையாது. அதனால்தான் சங்கீதா படிக்கப் போனாள்.

ஏனாத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷனில் மேற்படிப்பு. கூடப் படிப்பவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவளை ஆன்ட்டி என்பார்கள். பாடம் எடுத்த சந்தியாவும் ஆன்ட்டி என்றுதான் சொன்னாள். டீச்சரே ஆன்ட்டி என்று கூப்பிடுகிற மாணவி என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள் சங்கீதா. ஆனால் பாடம் அவளுக்கு நன்றாகப் பிடிபட்டது. ஒரே ரவுட்டருக்குள் கடைக்கு ஒரு பாதை, கிடங்குக்கு ஒரு பாதை, அலுவலகத்துக்கு ஒரு பாதை என்று பிரித்து ஓட்டலாம் என்று சந்தியா சொன்னபோது, பக்கத்துப் பெஞ்சுப் பையன்கள் முழித்தார்கள். சங்கீதா முழிக்கவில்லை. கோர்வைச் சேலையில் இரண்டு கரைக்கும் உடலுக்கும் நூல் சுமக்கும் நாடா தனித்தனியாக ஓடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் அவள்.

அந்தப் பாடத்தின் முடிவில் சந்தியா ஒன்று சொன்னாள். "புதுசா எதை மாத்தினாலும் உடனே ரைட் பண்ணாதீங்க, அதாவது சேமிப்புல எழுதி வைக்காதீங்க. ரவுட்டரோட நடப்பு நினைவுல மட்டும் இருக்கட்டும். தப்பாயிடுச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பழசு தானா வந்துடும். எல்லாம் சரியா ஓடுதுன்னு தெரிஞ்சதும் மறக்காம ரைட் பண்ணி வைங்க. இல்லாட்டி என்னிக்காவது கரண்ட் போனா, செஞ்சது அத்தனையும் போச்சு."

ஆடி மாதம் சங்கீதா அந்த மாற்றத்தைச் சங்கத்தில் செய்தாள். பயந்து பயந்து, எழுதி வைக்காமல், நடப்பு நினைவில் மட்டும் போட்டுப் பார்த்தாள். ஓடியது. முன்பு ஆமை மாதிரி வந்த பில் இப்போது கண்ணிமைப்பதற்குள் வந்தது. கடையிலிருந்து போன் செய்து பாராட்டினார்கள். தலைவர் நமச்சிவாயம் தன் அறையிலிருந்து எழுந்துவந்து, "சென்னைக்காரன் பண்ணாதத நம்ம பொண்ணு பண்ணிட்டாபா" என்று எல்லோருக்கும் கேட்கிறாப்போல் சொன்னார். அந்தக் குளிர்ச்சியில் அவள் எழுதி வைக்க மறந்துபோனாள். மறந்தது அவளுக்கே தெரியாது. அடுத்த ஞாயிறு "எல்லாரும் ரைட் பண்ணிட்டீங்களா?" என்று சந்தியா கேட்டபோது, முதலில் தூக்கியது அவள் கைதான்.

வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பு வெளியிலேயே வந்திருக்காது. இந்த மாதிரிப் பெட்டிகளை யாரும் அணைப்பதில்லை. கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் நம் ஊரில் ஆயுத பூஜை என்று ஒன்று இருக்கிறது. அதைச் சங்கத்தில் நடத்துவதற்குத் தணிகாசலம் என்று ஒருவர் இருக்கிறார்.

தணிகாசலம் சங்கத்தின் அட்டெண்டர். ஐயம்பேட்டையில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். டீ வாங்கி வருவதும் ஃபைல் தூக்குவதும்தான் வேலை என்றாலும், சங்கத்தில் அவர் மதிப்பு வேறு. அவருக்குக் கைராசி. புதுப் பாவு வாங்கிய எந்த நெசவாளியும் அதை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்; "தணிகாண்ணே, தொட்டுக் குடுண்ணே" என்று அவர் முன்னால் நீட்டுவார். அவர் கண்ணை மூடி முருகா என்று தொட்டுக் கொடுப்பார். அவர் கை பட்ட பாவில் இழை அறாது, சேலை விற்காமல் தேங்காது என்று பேச்சு. இதெல்லாம் உண்மையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் சங்கீதாவும் தன் முதல் கம்ப்யூட்டரின் சுவிட்சை அவரைத்தான் போடச் சொன்னாள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஓடுகிற கருவிக்குப் பொட்டு வைக்க மாட்டார். "ஓடிக்கினு இருக்கறத நிறுத்தி, தொடச்சி, ஓய்வு குடுத்துட்டுதான்மா வெக்கணும். ஒரு நாள் கூட ஓய்வு தராதவன் கும்புட்டா சாமி ஏத்துக்குமா?" என்பார். ஆகவே ஆயுத பூஜை அன்று சங்கீதா எல்லாவற்றையும் வரிசையாக அணைத்தாள். கடைசியாக ரவுட்டர். தணிகாசலம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் தீர்த்தம் தெளித்து, கற்பூரம் காட்டினார். எல்லோரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் பில் போடத் தலைவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். சங்கீதா எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். பில் வரவில்லை. கடையிலிருந்து போன்: கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, கம்ப்யூட்டர் எதையும் காட்டவில்லை. கிடங்கிலிருந்து போன்: தறிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், யாருக்கு எந்தப் பாவு என்று தெரியவில்லை. தீபாவளி நெருங்குகிற நேரம் வேறு.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் நமச்சிவாயம். குரலில் இனிப்பு இல்லை.

சங்கீதா வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஊரே பாராட்டிய நெட்வொர்க். அவளுடைய நெட்வொர்க். ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்போது கதவோரம் நின்ற தணிகாசலம்தான் தலையைச் சொறிந்துகொண்டு, யாரும் கேட்காமலே, சொன்னார்.

"நேத்து தீர்த்தம் தெளிச்சேன்பா. பொட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்குமோ?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ரவுட்டரில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. தண்ணீர் புகுந்த பெட்டி அப்படி எரியாது. அவளுக்கு அது தெரியும்.

"இருக்கலாம்" என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே வலிய வந்து, நான்தான் கோணல் என்று ஒப்புக்கொண்டது. அவள் தலையாட்டியது மட்டும்தான்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரவுட்டரின் அமைப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது சென்னைக் கம்பெனி போட்டுவைத்த பழைய அமைப்பு. ஆடியில் அவள் செய்த எதுவும் இல்லை. செய்ததற்கு ஒரு தடயமும் இல்லை. மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் ஆடியிலேயே புதுப் பாதைக்கு மாற்றியிருந்தாள்; பழைய அமைப்புக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குக் காது மடல் சுட்டது. எழுதி வைக்கவில்லை. அத்தனை நாளும் நினைவில் மட்டும் ஓடியது. அணைத்ததும் போய்விட்டது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. திரும்ப முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டாள், இந்த முறை ரைட் பண்ணினாள், பண்ணியதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்போதே கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்தபோது வெளியே கைத்தட்டல்.

"தண்ணி பூந்த மெஷினுக்கே உயிர் குடுத்துட்டாபா!" என்றார் நமச்சிவாயம். பூஜைக்கு வந்த சால்வை ஒன்றை எடுத்து அவள் தோளில் போட்டார். பக்கத்துச் சங்கத் தலைவரிடம் பேசி, அங்கேயும் இவளையே நெட்வொர்க் போட வைப்பதாகச் சொன்னார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "யோவ், இனிமே அந்த ரூம் பக்கம் போவாத. பொட்டு வெக்கறது, தண்ணி தெளிக்கறது எல்லாம் இத்தோட சரி."

தணிகாசலம் அவளிடம் வந்து கையைக் கூப்பினார். "நீ மட்டும் சரி பண்ணலன்னா என் கதி இன்னாம்மா? நீ நல்லா இருக்கணும்." வயதில் மூத்தவர் கும்பிடுகிறார். சங்கீதா சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது கழுத்தை அரித்தது.

ஊர் என்ன செய்யும்? தன் வேலையைச் செய்தது. தணிகாசலம் கை வைத்த மெஷின் படுத்துவிட்டது, அந்தக் கைக்கு ஆகவில்லை, சாமி குத்தம் என்று தறிவீட்டுக்குத் தறிவீடு பேசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு நாள் துரைக்கண்ணு என்ற நெசவாளி பாவு வாங்கிக்கொண்டு வெளியே போனதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சங்கீதா பார்த்தாள். வழக்கம்போலத் தணிகாசலம் கையை நீட்டினார். துரைக்கண்ணு பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "அவசரமா போறேண்ணே, அப்பறம் வரேன்" என்று ஒதுங்கிப் போனார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தணிகாசலம் அதைத் திருப்பிப் பார்த்தார், பிறகு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. குமரகோட்டத்து முருகன் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்தாராம். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனுஷன் ஈரத் துணியோடு கல்தரையில் உருண்டிருக்கிறார் என்று கேட்டபோது சங்கீதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் கணவன் உதயகுமார் தறியில் இருந்தான். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் மிதியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அத்த அப்பவே சொல்லிட வேண்டிதுதானே?"

"சொன்னா மானம் போயிடும்யா."

"இப்ப மட்டும் இருக்குதா?" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். அதனால்தான் அதிகமாக வலித்தது.

மறுநாள் காலையில் தணிகாசலத்தை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணே, தண்ணியால ஒண்ணும் ஆவல. நான் ஒண்ணு எழுதி வெக்க மறந்துட்டேன். அதான் நின்னுச்சு. தப்பு என்னுது."

அவர் சிரித்தார். கண் கலங்கச் சிரித்தார். "எனக்காக பொய் சொல்றியாம்மா? வேணாம்மா. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கேட்டேனே, நீ படிச்ச பொண்ணு, தெரியாமலா ‘இருக்கலாம்’னு சொல்லுவ?" அவள் தலையில் கை வைக்க வந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

தலைவரிடம் போனாள். அவர் முழுவதும் கேட்கக்கூட இல்லை. "உடும்மா. உனக்குப் பெரிய மனசு, அதுக்குன்னு அடுத்தவன் பழிய எடுத்துத் தலைல வெச்சிக்குவியா?" என்றார். உண்மையைச் சொல்லப் போனவளுக்குப் பெரிய மனசு என்று இன்னொரு பட்டம் கிடைத்தது. இதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே, எழுந்து நின்று சொன்னாள். அன்றைக்குக் கை தூக்கியது தப்பு என்பதையும் சொன்னாள். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சந்தியா சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இந்த வேலைல ஒரே வழிதான். பிரச்சினைய திரும்ப வரவெச்சுக் காட்டுங்க. வரவெச்சுக் காட்டாத வரைக்கும் நீங்க சொல்றதும் கதைதான், அவங்க சொல்றதும் கதைதான்."

திங்கட்கிழமை நெசவாளிகள் நெய்த சேலையைக் கொண்டுவந்து புதுப் பாவு வாங்கிப்போகிற நாள். அலுவலகம் நிறைய ஆட்கள். சங்கீதா முன்கூட்டியே வந்து, சரியான அமைப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, ரவுட்டரைத் தூக்கி வந்து கூடத்து மேசைமேல் வைத்து வயர்களை மாட்டி, அதை ஆயுத பூஜைக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவந்தாள். சேமிப்பில் சென்னைக்காரர்களின் பழையது, நினைவில் மட்டும் அவளுடைய புதியது. ஆட்கள் சேர்ந்ததும் எல்லோரையும் மேசைப் பக்கம் கூப்பிட்டாள். கூட்டம் சுற்றி நின்றது. தலைவர் என்ன இது என்று வந்தார். தணிகாசலம் தூரத்திலேயே நின்றார்.

"இதுல பொட்டு இல்ல, தண்ணி இல்ல, பாத்துக்கோங்க" என்றாள் சங்கீதா. "இப்ப பில் வருது பாருங்க." வந்தது. "இப்ப என் கையால நிறுத்தறேன். என் கையாலயே போடறேன்."

நிறுத்தினாள். போட்டாள். பச்சை விளக்குகள் எரிந்தன. பில் வரவில்லை. கடையிலிருந்து போன் வந்தது, கிடங்கிலிருந்தும் வந்தது, விஜயதசமியன்று வந்த மாதிரியே.

"அன்னைக்கு ஆனது இதான். ஆடி மாசம் போட்டத நான் எழுதி வெக்கல. மெஷின் ஞாபகத்துல மட்டும் இருந்துச்சு. நிறுத்துனதும் மறந்துடுச்சு. தணிகாசலம் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் எல்லாவற்றையும் மறுபடி போட்டு, எல்லோரும் பார்க்க எழுதி வைத்தாள். ரவுட்டரை அணைத்தாள். "அண்ணே, வாங்க. தொடச்சி, சந்தனம் வெச்சி, தீர்த்தம் தெளிச்சி, உங்க கையால போடுங்க."

"வேணாம்மா" என்றார் அவர். "ஏதானா ஆயிடப் போவுது."

"ஆவாது. வாங்க."

வந்தார். துடைத்தார். பொட்டு வைத்தார். தீர்த்தத்தை வழக்கத்தில் பாதிகூடத் தெளிக்கவில்லை. முருகா என்று சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. பில் வந்தது.

அவ்வளவுதான், ஊர் ஒரே நொடியில் கட்சி மாறியது. வெட்கமே இல்லாமல் துரைக்கண்ணுதான் முதல் ஆளாகப் பாவை நீட்டினார். "தொட்டுக் குடுண்ணே." அவர் பின்னால் வரிசை நின்றது. நமச்சிவாயம் சங்கீதாவைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்துச் சங்கத்து வேலையைப் பற்றி அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. "சால்வைய திருப்பி வாங்கிக்கலாமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். கேட்டவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதானே.

கூட்டம் கலைந்த பிறகு தணிகாசலம் அவள் மேசை அருகே வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"இருக்கலாம்னு சொன்னப்ப இன்னா காரணம்னு தெரியாதுண்ணே. ஆனா தண்ணி இல்லன்னு தெரியும். மத்தியானமே எல்லாம் தெரிஞ்சிபோச்சு."

அவர் கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைத் தடவினார். "குமரகோட்டம் போறதுக்கு முன்னாலயே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமாண்ணே. மன்னிச்சிருங்கண்ணே."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் அவளிடமோ மற்றவர்களிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்போதும்போலவே அவளுக்கு முதல் டீ வருகிறது, எப்போதும்போலவே அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் புதியது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் சந்தனக் கிண்ணத்தோடு எல்லா அறைக்கும் போவார். தராசுக்கு வைப்பார், பீரோவுக்கு வைப்பார், தலைவர் நாற்காலிக்கு வைப்பார். சங்கீதாவின் அறைக்கு வரும்போது மட்டும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொள்வார். குத்தலோ கேலியோ கிடையாது, குரலில் உண்மையான அக்கறைதான் இருக்கும்.

"எழுதிட்டியாம்மா? வெக்கலாமா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் எழுந்து நிற்கிறாள். ஒருமுறை சரிபார்க்கிறாள். "எழுதிட்டேண்ணே, வைங்க" என்கிறாள். அவர் உள்ளே வந்து பொட்டு வைத்துவிட்டுப் போகும்வரை அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.